தலையாட்டியதைப் பார்த்தவர்கள்

"இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு நிர்மலா. கூரைதான் தெரியுது, அப்பா மூஞ்சியே தெரியல."

புங்கமரத்து நிழலில் நின்று, தன் கைபேசித் திரையைப் பார்த்தபடி அருள்குமார் கத்தினான். மரத்துக்கும் மோட்டார் ரூம் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு மாட்டுவண்டி தாராளமாகத் திரும்பலாம். அதைத் தாண்டி ஓரடி வர அவனுக்குத் தைரியம் கிடையாது. இரண்டு முகக்கவசம், அதன்மேல் ஒரு கண்ணாடித் தடுப்பு, இன்னொரு கையில் சானிடைசர் பாட்டில். தடுப்பூசியும் இரண்டு தவணை போட்டுக்கொண்டவன். வாயால் 'ங்க' போட்டுப் பேசினாலும், மனதுக்குள் நிர்மலாதேவி புருஷனின் அண்ணனான தன் மூத்தாரை அவன் இவன் என்றே வைத்திருந்தாள். படுத்துக் கிடக்கிற தகப்பனைப் பார்க்க ஜன்னல் வரைக்கும் வராதவனுக்கு அந்த மரியாதையே அதிகம் என்று இப்போது தோன்றியது.

கைபேசியைக் கீழே இறக்கினாள். கட்டிலில் மாமனார் குப்புராஜ் வாயைத் திறந்தபடி கிடந்தார். மூச்சு ஒவ்வொன்றையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இழுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது அவர்தான். ஆனால் மோட்டார் ரூமில் படுக்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. நாலு அறையுள்ள மெத்தை வீடு அவர் தக்காளி போட்டுக் கட்டியது. அதில் ஓர் அறையைக்கூட அவருக்கு ஒதுக்க முடியாது, காற்றில் பரவிவிடும் என்று பெரிய மகன் கண்டுபிடித்தான். அதனால் ஒருபக்கம் கிணற்று மோட்டார், ஒருபக்கம் ஸ்டார்ட்டர் பெட்டி, நடுவில் ஒரு கயிற்றுக் கட்டில். கிரீஸ் வாடையில் ஒரு மனுஷன் செத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போக ஆள் வேண்டுமே. நிர்மலாவுக்குப் போன வருஷமே கொரோனா வந்து போயிருந்தது. வந்தவர்களுக்குத் திரும்ப வராது என்று வாட்ஸ்அப்பில் வந்ததாக அருள்குமார் சொன்னான். அவளுடைய புருஷன் தமிழ்மணியும் "ஆமாண்ணா, நானும் பாத்தேன்" என்றான். ஒரே ஒரு பாதுகாப்பு அங்கி வாங்கி வந்து கொடுத்தார்கள். ஒருதடவை போட்டுத் தூக்கி எறியவேண்டிய அதைத் தினமும் சாயங்காலம் அலசிக் காயப்போட்டு, காலையில் மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"இப்ப தெரியுதுங்களா?" என்றாள்.

"தெரியுது தெரியுது. அப்பிடியே புடி, ஆட்டாத."

அருள்குமாரின் இருட்டுக் கட்டம் போக, திரையில் மூன்று கட்டங்கள். முதல் கட்டத்தில் வக்கீல் முருகேஷ், தர்மபுரியில் தன் வீட்டு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மேலே கறுப்புக் கோட்டு, பின்னால் கொடியில் துண்டு. இரண்டாவது கட்டத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் மாதையன், அருள்குமாருக்குச் சித்தப்பா முறை. பொம்மிடியில் மகள் வீட்டில் இருந்தார். கைபேசியை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நெற்றியையும் விபூதியையும் மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது கட்டத்தில் தக்காளி மண்டி பச்சியப்பன். பாலக்கோடு மார்க்கெட்டில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. போனைத் தக்காளிக் கிரேடுப் பெட்டி அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டு அவர் பாதி உடம்பை அந்தப்பக்கம் திருப்பியிருந்தார்.

மாதையனும் பச்சியப்பனும்தான் சாட்சிகள். குப்புராஜ் எழுதப்போகிற உயிலுக்கு.

எழுதப்போகிற என்பதே சும்மா வார்த்தைக்கு. எழுதி, டைப் அடித்து, அட்டையில் சொருகி, மைப் பெட்டியோடு நேற்றே நிர்மலா கையில் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டார்கள். மேட்டுக்காட்டு நிலமும் வீடும் பெரியவனுக்கு. கீழ்க்காட்டில் பாதி பெரியவனுக்கு, பாதி சின்னவனுக்கு. நடுப்பிள்ளையான மகள் சசிகலாவுக்கு அவள் கல்யாணத்தின்போதே செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்று ஒரு வரி.

அந்தக் கீழ்க்காட்டில்தான் சசிகலா இருந்தாள். பாப்பாரப்பட்டியில் வாழப் போனவள், புருஷன் செத்து, மாமியார் வீட்டில் இடமில்லாமல் திரும்பி வந்தபோது, வீட்டில் இருந்தால் என் சம்சாரத்துக்கும் உனக்கும் ஒத்துப்போகாது என்று அருள்குமார்தான் அங்கே ஓட்டுக் கொட்டாய் போட்டுக்கொடுத்தான். முள் மண்டிக் கிடந்த நிலத்தை அவளும் அவள் அப்பனும் வெட்டித் திருத்தினார்கள். இன்று தாலுக்காவில் நல்ல தக்காளி எங்கே என்றால் பச்சியப்பனே கீழ்க்காட்டைக் கைகாட்டுவார். முள்ளாய் இருந்தவரைக்கும் அது தங்கச்சியின் காடு. தக்காளி காய்க்க ஆரம்பித்ததும் அது அப்பன் சொத்து.

பெண்டாட்டி முன்பே போய்விட்டதால், உயில் இல்லாமல் குப்புராஜ் கண்ணை மூடினால் மூன்று பேருக்கும் சமபங்கு. அதுதான் அருள்குமாருக்கு நெஞ்சில் முள். காய்ச்சல் வந்த நாளிலிருந்து மரத்தடியில் நின்று உயிலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் பேச ஆரம்பித்ததும் கிழவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். ஒருதடவை நிர்மலாவிடம், "கீக்காடு சசிக்குத்தான் கண்ணு. அவன்கிட்டப் பேச எனக்குத் தெம்பில்ல" என்றார். அதை வெளியே போய்ச் சொன்னபோது தமிழ்மணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீ சும்மா இரு, நமக்கும் பாதி வருதில்ல" என்றான். நிர்மலா சும்மாதான் இருந்தாள். பாதி வந்தால் தனியாக ஒரு வீடு கட்டலாம், இந்தக் குடும்பத்து அடுப்பைவிட்டுப் போகலாம் என்ற ஆசை அவளுக்கும் இல்லாமல் இல்லை.

சசிகலா தினமும் காலையில் வந்து ஜன்னலோரம் நின்று அப்பனிடம் பேசிவிட்டுப் போவாள். இன்றைக்கு வராதே, சுகாதாரத்துறை ஆட்கள் வருகிறார்கள், உன்னையும் பிடித்துக்கொண்டு போய் முகாமில் போட்டுவிடுவார்கள் என்று அருள்குமார் போனில் புளுகியிருந்தான். பக்கத்தில் நின்று கேட்ட தமிழ்மணி காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"சார், ஒரு சந்தேகம்" என்றார் திரையில் மாதையன். "சாட்சின்னா கூட இருந்து பாக்கணும்னு சொல்லுவாங்களே. நான் எங்கியோ பொம்மிடியில கெடக்கறேன். இது செல்லுமா?"

"செல்லும்ங்க ஐயா. கொரோனாவுக்காகத் தற்காலிக விதி. சாட்சி பக்கத்துல நிக்கவேணாம், வீடியோல பாத்தா போதும். நோய் முடியிற வரைக்கும்."

"நம்ம சர்க்கார் போட்டதா?"

முருகேஷ் கோட்டைச் சரிசெய்துகொண்டார். "வெளிநாட்டுல போட்டுட்டாங்க. எனக்கு வாட்ஸ்அப்புல முழு விவரமும் வந்திருக்கு. நம்ம ஊர்லயும் ஒத்துக்குவாங்க, கேஸுன்னு வந்தா நான் பாத்துக்கறேன்."

"வெளிநாட்டுலயே ஒத்துக்கிட்டாங்கன்னா அப்பறம் என்ன?" என்றார் மாதையன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். நிர்மலாவுக்குச் சிரிப்பு வந்தது. எந்தச் சீமை விதியோ, பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மோட்டார் ரூமுக்கு வழி தெரிந்து வந்திருக்கிறது.

"ஆரம்பிச்சிடலாங்களா?" என்று தொண்டையைச் செருமிக்கொண்டார் வக்கீல். "குப்புராஜ் ஐயா, கேக்குதுங்களா? நான் படிக்கறேன். முடிச்சதும் சம்மதமான்னு கேப்பேன். வாயால சொல்ல முடியலன்னா தலையாட்டுங்க, போதும். அப்பறம் நிர்மலாம்மா கைநாட்டு எடுத்துருவாங்க."

குப்புராஜ் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். பார்த்தாரா, அந்தப்பக்கம் பார்வை போனதா, தெரியவில்லை. வக்கீல் படிக்க ஆரம்பித்தார். "நான் என் சுயநினைவோடும், யாருடைய வற்புறுத்தலும் இன்றி..."

அந்த இடத்தில் கரண்ட் வந்தது.

மூணு பேஸ் கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும்படி ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டு வைத்திருந்தான் அருள்குமார். அப்பனை அங்கே கொண்டுவந்து படுக்கவைத்த பிறகும் அதை மாற்றவில்லை. ராத்திரி பகல் பாராமல் கரண்ட் வரும்போதெல்லாம் கிழவரின் தலைமாட்டில் அது இரைந்தது. நிறுத்திவிடட்டுமா என்று நிர்மலா கேட்டதற்கு, "தக்காளி வாடிப்போவும், தண்ணி விட்டுத்தான் ஆவணும்" என்று பதில் வந்தது. இப்போதும் அது உறுமிக்கொண்டு கிளம்பியது. வக்கீலின் வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. வெளியே தொட்டியில் தண்ணீர் வந்து மொத்தென்று விழுந்தது.

அந்தச் சத்தத்துக்குக் குப்புராஜின் முகம் திரும்பியது. நாக்கை நீட்டி உதட்டை நக்கப் பார்த்தார். நாக்கு வெளியே வரவில்லை. நிர்மலா குனிந்து, முகக்கவசத்தைக் கொஞ்சம் விலக்கி, அவர் காதில் வாயை வைத்துக் கத்தினாள்.

"தண்ணி வேணுமா மாமா?"

குப்புராஜ் தலையை ஆட்டினார். போதாது என்று இன்னொரு தடவையும் ஆட்டினார்.

கைபேசி அவர் முகத்துக்கு நேராகத்தான் இருந்தது. திரையில் முருகேஷ் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். மாதையனின் நெற்றி மேலும் கீழும் போனது. பச்சியப்பன் ஏலத்திலிருந்து திரும்பி, கையால் வெட்டுவதுபோல் ஒரு சைகை செய்தார். மண்டியில் பேரம் படிந்தால் அவர் செய்கிற சைகை.

"கைநாட்டு! கைநாட்டு எடு!" மரத்தடியிலிருந்து அருள்குமார் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினான்.

நிர்மலா கைபேசியை ஸ்டார்ட்டர் பெட்டிமேல் வைத்தாள். சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றி, கிழவரின் பிடரியைத் தாங்கித் தூக்கினாள்.

"தண்ணி அப்பறம் குடுக்கலாம்! நெட்டு போயிரும்!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. குப்புராஜ் ஒரு மடக்குக் குடித்தார். தொண்டை ஏறி இறங்கியது. இன்னொரு மடக்கு. பாதி உள்ளே போனது, பாதி கடைவாயில் வழிந்தது. அவளுடைய கைமேல் அவருடைய கை வந்து படிந்து, அப்படியே இருந்தது. அவரைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு, இனிமேலும் இந்த இரைச்சல் வேண்டாம் என்று ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானை அமுக்கினாள்.

மோட்டார் நின்றது. நாலு நாளாக அந்த அறையில் கேட்டுக்கொண்டிருந்த மூச்சிழுப்பும் கேட்கவில்லை. நிர்மலா மூக்கருகில் கையுறையோடு விரலை வைத்துப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டுத் திரும்பவும் வைத்துப் பார்த்தாள். பிறகு அவர் கண்களை மூடிவிட்டாள்.

"போயிட்டாருங்க" என்று ஜன்னலில் வந்து சொன்னாள்.

மரத்தடியில் அண்ணன் பக்கத்தில் நின்ற தமிழ்மணி தலையில் கைவைத்து உட்கார்ந்தான். "அய்யோ அப்பா" என்றான். அழுதான்தான், அதில் குறையில்லை. ஆனால் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அருள்குமார் முகத்தடுப்பைத் தூக்கி விட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ஒரு நிமிஷம் அவன் பிள்ளையாக இருந்தான் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

"கைநாட்டு எடுத்தியா?" என்றான் பிறகு.

"இல்லீங்க."

"நான் சொல்லச் சொல்லத் தண்ணியா முக்கியம்?" குரல் உயர்ந்தது, உடனே தணிந்தது. "சரி, உடு. இப்ப எடு. சூடு ஆறதுக்குள்ள எடுத்தா வெரல் நல்லாப் பதியும். அதான் சம்மதம்னு தலையாட்டிட்டாரே, சாட்சிங்க ரெண்டு பேரும் பாத்திருக்காங்க. சீக்கிரம் நிர்மலா. பஞ்சாயத்து ஆளுங்க வந்துட்டா பையில போட்டுக் கட்டிருவாங்க."

தமிழ்மணி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கன்னத்தில் கண்ணீர் அப்படியே இருந்தது. "அண்ணன் சொல்றதைக் கேளு நிர்மலா. ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷ வேலைதான். நிர்மலா கட்டிலருகே போனாள். மாமனாரின் இடது கையை எடுத்தாள். தக்காளி இலைச்சாறு ஏறி ஏறி, எத்தனை தேய்த்தாலும் போகாத பச்சைக் கறுப்பு அந்தக் கட்டைவிரலில். இன்னும் சூடாகத்தான் இருந்தது. மைப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில். வெளியே இருப்பவர்களில் ஒருத்தரும் உள்ளே வரப்போவதில்லை, எந்த விரல், எப்போது என்று யாரும் பார்க்கப்போவதில்லை. தனி வீடு ஒன்று, கிழக்கே பார்த்த சமையலறையோடு, அவள் கண்முன் வந்து நின்றது. வெட்கம் பிடுங்கித் தின்றது அவளை. செத்துப்போனவரின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வாசல் வைத்துக்கொண்டிருக்கிறோமே, நமக்கும் மரத்தடியில் நிற்பவனுக்கும் என்ன வித்தியாசம் என்று நினைத்தாள். கையை மெதுவாக அவர் நெஞ்சின்மேல் வைத்தாள்.

கைபேசியை எடுத்தாள். மூன்று பேரும் இன்னும் திரையில்தான் இருந்தார்கள்.

"பச்சியப்பன் அண்ணா, நீங்க என்னத்தைப் பாத்தீங்க?"

"குப்புராஜ் அண்ணன் தலையாட்டுனதம்மா. என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

"எதுக்கு ஆட்டுனாருங்க?"

"எதுக்குன்னா? வக்கீல் சம்மதமான்னு கேட்டதுக்கு."

"வக்கீல் கேட்டது உங்க காதுல வுழுந்துதுங்களா?"

"மோட்டார் சத்தத்துல எங்கம்மா வுழுவுது? இங்க வேற ஏலம். ஆனா ஆட்டுனாரில்ல? மண்டியில தலையாட்டிட்டா முடிஞ்சுதும்மா. அப்பறம் மாத்தக்கூடாது."

"மாமா உங்க மண்டிக்குத் தக்காளி போட்டவருங்க. அவரே தக்காளி இல்லீங்க."

பச்சியப்பன் கண்ணைச் சிமிட்டினார். மாதையன் நெற்றி முன்னால் வந்தது. "நானும் பாத்தேன்மா. ரெண்டுவாட்டி ஆட்டுனாரு. வாத்தியார் நான், பொய் சொல்லமாட்டேன்."

"தண்ணி வேணுமான்னு நான் கேட்டேன். அதுக்குத்தான் ஆட்டுனாரு, ரெண்டுவாட்டியும். நான் பக்கத்துல இருந்தேன், அவர் காதுல வாய வெச்சுக் கேட்டேன்."

முருகேஷ் கறுப்புக் கோட்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மா, சட்டப்படி பாத்தா சாட்சி அவங்க ரெண்டு பேருதான். நீங்க பங்கு வாங்கறவரோட சம்சாரம். பக்கத்துல இருந்தாலும் உங்க பேச்சு சாட்சியா எடுபடாது."

நிர்மலா சிரித்துவிட்டாள். பிணத்தின் பக்கத்தில் நின்று சிரிக்கிறோமே என்றுகூட நினைக்கவில்லை. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து நெற்றியைக் காட்டினவர் பார்த்தது செல்லும், கிரேடுமேல் சாய்த்துவைத்த போன் பார்த்தது செல்லும். தண்ணீர் கொடுத்தவள் பார்த்தது செல்லாது. "ரொம்ப நல்ல விதிங்க" என்றாள். "வெளிநாட்டுக்காரங்க கெட்டிக்காரங்கதான்."

அழைப்பைத் துண்டித்தாள். போய்க் கதவை விரியத் திறந்தாள். உயில் அட்டையையும் மைப் பெட்டியையும் வாசற்படிமேல் வைத்துவிட்டு உள்ளே தள்ளி நின்றாள்.

"என்னால முடியாதுங்க. அவர் ஒத்துக்கிட்டாருன்னு நெனச்சீங்கன்னா நீங்களே வந்து எடுத்துக்குங்க. கதவு தொறந்துதான் இருக்குது."

"நிர்மலா, வெளையாடாத. உனக்கு ஏற்கெனவே வந்து போயிருச்சு. எனக்குச் சக்கரை இருக்குது."

"உங்க அப்பாதான?"

அருள்குமார் தம்பியைப் பார்த்தான். தமிழ்மணி எழுந்தான். துண்டை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான். வந்தான், பாதித் தூரம் வரைக்கும் வந்தான். அங்கிருந்து கட்டிலும், அதில் அப்பனின் கால் இரண்டும் தெரிந்திருக்கும். நின்றுவிட்டான். திரும்பி அண்ணனைப் பார்த்தான். "நீதான மூத்தவன், நீ போ" என்றான். "நீ பாதிக்கு வந்துட்டியே, நீ போ" என்றான் அருள்குமார். கீழ்க்காட்டைப் பாகம் பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு நாலு எட்டு நடையைப் பாகம் பிரிக்கத் தெரியவில்லை. நிர்மலா இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். இத்தனை வருஷம் புருஷன் என்று இவனுக்கா சோறு போட்டோம் என்று, அடக்கமுடியாத அருவருப்பாக வந்தது.

அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சசிகலாவைக் கூப்பிட்டாள். "அண்ணி, மோட்டார் ரூமுக்கு வாங்க. யாரும் வரல, அவங்க சொன்னது பொய். ஓடியாங்க." அந்தப்பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் மட்டும் கேட்டது.

வரப்புமேல் ஓடிவந்தாள் சசிகலா. செருப்பில்லை, முகக்கவசம் இல்லை, புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். "கிட்டப் போவாத! மாஸ்க் போடு மொதல்ல!" என்று அருள்குமார் கத்தினான். அவனைத் தாண்டி, நடுவழியில் நின்ற தமிழ்மணியையும் தாண்டி வந்தாள். வாசற்படியில் இருந்தவற்றின்மேல் கால் பட்டதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது.

உள்ளே வந்ததும் அழவில்லை. அப்பனின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள், முட்டியைத் தடவினாள், முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெற்ற பிள்ளைகள் கடைசியாக வாயில் தண்ணீர் ஊற்றவேண்டும். அதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே சட்டம்.

"தண்ணி குடிச்சாரா கண்ணு?" என்று கேட்டாள்.

"கேட்டு வாங்கிக் குடிச்சாரு அண்ணி. ரெண்டு மொடக்கு."

சசிகலா முந்தானையை எடுத்து அவர் கடைவாயில் காய்ந்துகொண்டிருந்த ஈரத்தைத் துடைத்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க அழுதாள். நிர்மலா அந்த நெகிழி அங்கியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

தூரத்தில், தினமும் மருந்து தெளிக்க வருகிற பஞ்சாயத்து வண்டியின் ஹாரன் கேட்டது. சசிகலா மூக்கைச் சிந்திவிட்டு, அப்பனின் துண்டை எடுத்து, பல்லால் கடித்து ஓரத்தில் ஒரு நீளம் கிழித்தாள். நிர்மலா மாமனாரின் இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் சேர்த்து, கட்டைவிரல்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க உள்ள? ஏய், கைய இப்பக் கட்டாதீங்க! இரு நிர்மலா, இரு!"

கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துத் துணியைச் சுற்றி, சசிகலா ஒரு முடிச்சுப் போட்டாள். அதன்மேல் இன்னொன்று போட்டு, துணியின் இரண்டு நுனிகளையும் பிடித்து இறுக்கினாள்.